மல்லிக்குப் பாடிய தாலாட்டு

முன்னொரு காலத்தில் நெடுங்குடி நாட்டை அதிரதன் என்று ஒரு ராஜா ஆண்டான். அந்த ராஜாவை அவனுடைய நாக்கு ஆண்டது.

கோடையில் ஆறு வற்றியதும் படுகையைக் கயிறு போட்டு அளந்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பது அந்த நாட்டு வழக்கம். மருதாயிக்கும் ஒரு துண்டு இருந்தது. வேறு நிலமில்லாத அவளுக்கு அதில் விளைந்த வெள்ளரியும் கீரையும் கொத்தமல்லியும்தான் சோறு போட்டன. ஒருநாள் அவளுடைய மல்லித்தழைத் துவையல் அரண்மனைக்குப் போனது. ராஜா தட்டை வழித்துத் தின்றுவிட்டு, "இத்தனை நாளும் நான் தின்றது மல்லியா, வைக்கோலா?" என்று கேட்டுவிட்டான்.

அரண்மனைத் தோட்ட அதிகாரி விடங்கருக்கு வயிறு எரிந்தது.

"எல்லாம் படுகை மண்ணின் குணம், மகாராஜா! அவளுக்கு என்ன தெரியும்? அந்த இடத்தை என்னிடம் கொடுத்துப் பாருங்கள்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் போதும். "ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே விதை. அவரவர் கையாலேயே விதைக்க வேண்டும். முப்பதாம் நாள் யாருடைய மல்லி செழித்திருக்கிறதோ, அவருக்கே முழுத் துண்டும்!"

மருதாயிக்குப் பகீரென்றது. விடங்கருக்கும்தான்! அவர் மண்ணைத் தொட்டு இருபது வருஷம் ஆகியிருந்தது. மல்லியை எப்படி விதைப்பது என்று அரண்மனைத் தோட்டக்காரர்களில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கேட்டால் கௌரவம் என்ன ஆவது? அதனால் இரண்டு பாதிக்கும் நடுவே கட்டிய ஓலைப் படல் மறைவில் நின்று மருதாயி செய்வதை எட்டிப் பார்த்தார்.

படலுக்கு மேலே ஜரிகைத் தலைப்பாகை மின்னியதை மருதாயி பார்த்துவிட்டாள். முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. குடிசைக்குள் போய், விதைகளைப் பலகையால் தேய்த்து இரண்டிரண்டாகப் பிளந்து ஊறவைத்தாள். மறுநாள் அவற்றை மடியில் கட்டி வந்து விதைத்தாள். விதைத்து முடித்ததும் பனையோலை விசிறியை எடுத்துப் பாத்திக்கு வீசிக்கொண்டே உரக்கத் தாலாட்டுப் பாடினாள். தினமும் பாடினாள்.

மூன்றாம் நாள் அடுத்த பாதியிலிருந்தும் தாலாட்டு கேட்டது. அதிகாரியின் கரகரத்த குரல்! மருதாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முப்பதாம் நாள் ராஜா சபையோடு வந்தான். மருதாயியின் பாத்தி பச்சைப்பசேலென்று மணத்தது. விடங்கர் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து முளைகள்.

"சூனியம், மகாராஜா!" என்று விடங்கர் கத்தினார். "இவள் விசிறினாள், நானும் விசிறினேன். தாலாட்டினாள், நானும் தாலாட்டினேன். இவளுக்கு மட்டும் எப்படி முளைத்தது?"

"ஓகோ! தாலாட்டு காதில் விழும், சரி. படலுக்கு அந்தப் பக்கம் இவள் விசிறியது உமக்கு எப்படித் தெரியும்?"

ராஜா மருதாயி பக்கம் திரும்பினான்.

"மல்லி விதையை ரெண்டா உடைச்சுத்தான் போடணும், மகராசா," என்றாள் அவள். "முழுசாப் போட்டா எப்படி நல்லா மொளைக்கும்?"

"அப்புறம் தாலாட்டு எதற்கு?"

"அது மல்லிக்கு இல்லீங்க. ஐயா பாவம், தினமும் வெயில்ல நின்னு எட்டிப் பாத்தாரு. சும்மா எப்படி அனுப்புறது?"

சபையே குலுங்கிச் சிரித்தது. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னான்: "இனி எந்தக் கோடையிலும் இந்தத் துண்டின் மேல் கயிறு விழாது. இது மருதாயிக்கே! விடங்கரே, உம்முடைய முளைகள் பாவம், தூங்கவில்லை போலிருக்கிறது. எங்கே, பாடும்!"

விடங்கர் பாடினார். மருதாயி ஒரு கட்டு மல்லியைப் பறித்து, துவையலுக்கு அம்மியைக் கழுவப் போனாள்.