மூன்று முறை கத்திய வெண்கலக் கொக்கு

முன்னொரு காலத்தில், மந்திரவாதிகளும் நம்மைப் போலச் சந்தைக்கு வந்து கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிய காலத்தில், ஏரிமங்கலம் என்றொரு நாடு இருந்தது. நாடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு ராஜா, ஒரு யானை, ஓர் ஏரி, அவ்வளவுதான்.

அந்த ஏரியின் மதகைக் காத்தவன் வீரணன். ஒரு கோடையில் கருங்கண்ணன் என்ற மந்திரவாதி வந்து, "என் தோட்டம் காயுது, மதகைத் திறடா" என்றான்.

"ஊர்த் தண்ணி சாமி, முடியாது."

விடுவானா மந்திரவாதி? வீரணனை வெண்கலக் கொக்காக்கி மதகுத் தூணில் உட்கார வைத்துவிட்டான். வீரணன் மனைவி செங்கமலை மந்திரவாதியின் காலில் விழுந்து அழுதாள்.

"வெள்ளத்துக்கு முன்னாடி இவன் மூணு தடவை கத்துவான்" என்றான் அவன். "முதல் தடவை கத்தினா வானத்தைப் பாக்கணும். ரெண்டாந்தடவை மூட்டை கட்டணும். மூணாந்தடவை மேட்டுக்கு ஓடணும். ஒரு ஆள் பாக்கியில்லாம ஓடினா இவன் மறுபடி மனுசன். ஆனா இந்த ஊராவது, சொன்னதைக் கேக்கிறதாவது!"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவன் சொன்னதும் பொய்யில்லை. ஏரி நிரம்பினால் தாம்பாளத்தில் பூவும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு கரைக்கே போய்க் கங்கம்மாவை வரவேற்பது அந்த ஊர் வழக்கம். அந்த ஐப்பசியில் கொக்கு மூன்று முறை கத்தியது. ஊரே கரைக்கு ஓடியது. கரையோரம் சரிந்து ஐந்து பேர் போனார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மறு வருஷம் கொக்கு முதல்முறை கத்தியதுமே செங்கமலை வீடு வீடாகப் போனாள். "வானத்தைப் பாருங்க!" பார்த்தார்கள், கருத்திருந்தது. இரண்டாம் முறை கத்தியது. "அரிசியை மூட்டை கட்டுங்க, மாட்டை அவிழ்த்து விடுங்க!" முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள். மூன்றாம் முறை கத்தியது. "மேட்டுக்கு ஓடுங்க!"

"கங்கம்மாவுக்குப் பூப் போடாமலா?" என்று கேட்டாள் பூக்காரி முனியம்மா.

"மேட்டுல நின்னு போடுக்கா. அவளே வந்து வாங்கிக்குவா."

ஊர் ஏறியது. ராஜா மட்டும் கரையில் குடை பிடித்து நின்றார்.

"மகாராஜா, வாங்க!"

"தண்ணி வர்றதைப் பாக்க ஒரு வருஷமா காத்திருக்கேன், தாயி."

"உங்க யானைகூட மேட்டுக்குப் போயிடுச்சு. அதுக்கு இருக்கற அறிவு..." என்று செங்கமலை நிறுத்திக்கொண்டாள். பிறகு தூணைக் காட்டி அழுதாள். "நீங்க நின்னா அவர் அங்கேயே முழுகிப் போவாரு, மகாராஜா!"

ராஜா குடையை எறிந்துவிட்டு ஓடினார். அவர் கால் மேட்டில் பட்டதுதான் தாமதம், கொக்கின் வெண்கலம் படபடவென்று வெடித்தது. உள்ளிருந்து வீரணன் குதித்து ஓடிவந்தான். அவன் மேடேறவும், பின்னால் கரை உடையவும் சரியாக இருந்தது. செங்கமலை அவனைக் கட்டிக்கொண்டு விட மறுத்தாள்.

வீடுகள் நனைந்தன. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ராஜா வீரணனுக்குப் பட்டுச் சால்வையும், செங்கமலைக்குப் பத்துக் காணி நிலமும் கொடுத்தார். வீரணன் மட்டும் தயங்கினான்.

"மகாராஜா, இனி கொக்கு இல்லை. நான்தான் கத்தணும். மனுசன் கத்தினா கேப்பீங்களா?"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. சேறு அப்பிய காலோடு ராஜா முன்னே வந்தார்.

"நீ கத்து, வீரணா. முதல் ஆளா நான் ஓடறேன்."