நிழலுக்கு வைத்த உரம்

மலைமேல் அடுக்குப்பாறை என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு நல்ல குணம், யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே செய்துவிடுவார்கள். ஒரு விருந்தாளி, "இருங்க, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். அவர் சொன்ன இடத்தில் அப்படியே இரண்டு நாள் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊர்.

அந்த ஊரில் செவந்தி கவலைப்படுவதில் கெட்டிக்காரி. அடுப்பை அணைத்தோமா என்று கவலைப்படுவாள். அணைத்தாயிற்று என்று தெரிந்ததும், நாளைக்குப் பற்றுமோ பற்றாதோ என்று கவலைப்படுவாள். ஆனால் இந்த வருஷம் அவளுக்கு உண்மையாகவே ஒரு கவலை வந்துவிட்டது. அவளுடைய வெண்ணெய்ப் பழ மரத்தை, அதுதான் பட்டர் ஃபுரூட் மரத்தை, வெட்டப் போகிறார்கள்.

மரம் அவள் சீர். ஓரகத்திக்குப் பிறந்த வீட்டில் கிரைண்டர் கொடுத்தார்கள். செவந்திக்கு அவள் அண்ணன் பாலித்தீன் பையில் ஒரு கன்று கொடுத்தான். கன்று மரமாகி, கூரைக்கு மேலே போய்விட்டது. ஒரு பிஞ்சுகூட விடவில்லை. புருஷன் மூக்கையாவுக்கோ காப்பிக்கொட்டை காயப்போட அந்த இடத்தில் ஒரு களம் வேண்டியிருந்தது.

"தை பொறக்கறதுக்குள்ள காய்க்கலைன்னா கோடாலியைப் போட்டுருவேன். கருப்பசாமி மேல சத்தியம்" என்று சொல்லிவிட்டான்.

"கிரைண்டர் மட்டும் என்னத்தைக் காச்சுச்சாம்? அதை யாராச்சும் வெட்டுனாங்களா?" என்றாள் செவந்தி.

மூக்கையாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் சத்தியம் சத்தியம்தான்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டக்கலை ஆபீசரம்மா ஸ்கூட்டரில் வந்தார். செவந்தி வண்டிக்குக் குறுக்கே போய் நின்று அழாத குறையாக மரம் காய்க்க வழி கேட்டாள். அவரும் வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார்: "தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் வைங்க. அடிமரத்துல கொட்டிராதீங்க. மரத்தோட நிழல் விழுது பாருங்க, அந்த ஓரத்துல வைங்க. தண்ணி விட்டு, மேல சருகு போட்டு மூடிருங்க."

எந்த நேரத்து நிழல் என்று யாரும் கேட்கவில்லை. படித்தவர்களைக் கேள்வி கேட்பது அடுக்குப்பாறையில் மரியாதை இல்லை.

மறுநாள் காலையில் செவந்தி கூடை நிறைய உரத்தோடு நின்றாள். மூக்கையா மண்வெட்டியோடு வந்தான். பக்கத்து வீட்டுச் சடையன் ஒத்தாசைக்கு வந்தான். குப்பணன் மாமா யோசனை சொல்ல வந்தார். ஊரில் யோசனை சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது. அவர் சொன்னபடிதான் ஊர்க்கிணற்றில் மழைத்தண்ணீர் விழாமல் மூடி போட்டிருந்தார்கள்.

நிழல் மேற்கே நீண்டு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் முடிந்தது. மூக்கையா அங்கே பள்ளம் பறித்தான். கூடையை வலது கையால் கவிழ்ப்பதா இடது கையால் கவிழ்ப்பதா என்று பேச்சு வந்தது. பேசி முடித்துக் குனிந்து பார்த்தால் நிழலைக் காணோம். பள்ளத்தை விட்டு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது.

"ஏங்க! அது நகந்துருச்சுங்க!" என்று அலறினாள் செவந்தி.

"நீ கூடையைத் தூக்குன வேகத்துல பயந்திருக்கும்" என்றான் மூக்கையா.

"பயமில்ல மாப்ள, கூச்சம்" என்றார் குப்பணன். "நாலு பேரு குத்துக்கல்லாட்டம் நின்னு பாத்தா யாருக்குத்தான் சோறு எறங்கும்? எல்லாரும் திரும்பி நில்லுங்க."

எல்லாரும் திரும்பி நின்றார்கள். செவந்தியும் திரும்பி நின்றபடி ஒரு கூடையைத் தோளுக்கு மேலே பின்பக்கமாக வீசினாள். பாதி மாட்டின் மேல் விழுந்தது. மீதி மூக்கையாவின் தலையில் விழுந்தது. அவன் அசையவில்லை, திரும்பக்கூடாது என்று சொல்லியிருந்தார்களே.

பிறகு நிழலை அசையாமல் பிடித்துவைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஓரத்தில் கல்லைத் தூக்கி வைத்தார்கள். கல் நின்றது, நிழல் நிற்கவில்லை. சடையன் அதன் மேலே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் வெயில் சுட்டது.

"நான் அசையவே இல்ல மதினி. எனக்கு அடியிலிருந்து உருவிக்கிட்டுப் போயிருச்சு!"

"உன் வேட்டியை உருவாம விட்டுச்சே" என்றார் குப்பணன்.

இப்படியே துரத்தித் துரத்தி உச்சிவேளை ஆயிற்று. அப்போது நிழல் ஓடிக் களைத்ததுபோல மரத்தைச் சுற்றி வட்டமாக வந்து படுத்தது. மூக்கையா கூடையைத் தூக்கினான். செவந்தி பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"அடிமரத்துல கொட்டக்கூடாதுன்னு அந்தம்மா சொல்லல? மரத்தைக் கொல்லத்தான பாக்குறீங்க!"

அதுவும் சரிதான் என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு, அந்த நிழலிலேயே உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் நிழல் கிழக்கே கிளம்பியது. வேலியைத் தாண்டிச் சடையன் வாசலுக்குப் போனது, சுவரில் ஏறியது, கடைசியில் ஓட்டுக்கூரை மேலே போய் நின்றது. "இனிமே எங்கயும் போக முடியாது. ஏணியைக் கொண்டாங்க" என்றார் குப்பணன்.

ஏணி வந்தது. மிச்சமிருந்த உரம் முழுவதும் சடையன் வீட்டு ஓட்டின் மேல் போய்ச் சேர்ந்தது. அதன் மேல் குடம் குடமாகத் தண்ணீர் விட்டார்கள். கீழே சடையனின் குழம்புச்சட்டி நிறைந்தது. கடைசியாகச் சருகு போட்டு மூடினார்கள். அந்த நேரத்தில் ஒரு மேகம் வந்தது, நிழல் மறைந்தது.

"தின்னுட்டுப் படுத்துருச்சு" என்று குசுகுசுத்தாள் செவந்தி. எல்லாரும் சத்தமில்லாமல் கலைந்து போனார்கள். அன்று ராத்திரி அவளுக்கு ஒரே கவலை, புண்ணாக்கு அதிகமாகி நிழலுக்கு வயிறு கியிறு வலிக்குமோ என்று.

ஓட்டில் விட்ட தண்ணீர் உரத்தையும் கரைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இறங்கியது. அங்கே சடையனின் சௌசௌக் கொடி இருந்தது. அது வாழ்நாளில் அப்படி ஒரு சாப்பாட்டைக் கண்டதில்லை. பந்தலை மூடியது, கூரையை மூடியது, துணி காயப்போடும் கம்பியைப் பிடித்து வேலியைத் தாண்டியது, செவந்தியின் மரத்தில் ஏறி உச்சி வரைக்கும் போனது. மார்கழிப் பனி இறங்கும்போது கிளைக்குக் கிளை பச்சைப் பச்சையாகக் காய் தொங்கியது.

செவந்தி வாசல் தெளிக்க வந்தவள் வாளியைப் போட்டுவிட்டுக் கத்தினாள். "என் சீரு காச்சிருச்சு! ஏங்க, என் சீரு காச்சிருச்சு!"

சடையன் மட்டும் அண்ணாந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான். "எங்க சௌசௌ மாதிரியே இருக்கே மதினி?"

"ஏப்பா, சௌசௌ எதுல தொங்கும்?" என்று கேட்டார் குப்பணன்.

"பந்தல்ல, மாமா."

"இது எதுல தொங்குது?"

"மரத்துல."

"அப்பறம் என்ன?"

சடையன் தன் சந்தேகத்துக்கு வெட்கப்பட்டான். மூக்கையா கோடாலியைப் பரணில் போட்டுவிட்டு, இரண்டு மூட்டை பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோனான். போகும்போது மீசையை முறுக்கிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது மீசை அப்படியே இருந்தது, முகம்தான் தொங்கிப்போயிருந்தது.

"கமிஷன் கடைக்காரன் கையில எடுத்துப் பாத்துட்டு, சௌசௌன்னுட்டான். சந்தையே சிரிச்சுச்சு. ஏமாத்திருச்சு புள்ள உன் மரம். எடு கோடாலியை. நாளைக்குத் தை."

அவனே பரணிலிருந்து கோடாலியை எடுத்து வந்தான். செவந்தி மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அண்ணனுக்கு என்ன சொல்வாள்? ஓரகத்தி கிரைண்டரைத் துடைத்துத் துடைத்துக் காட்டுவாளே! அழுகையோடு அழுகையாக அவளுக்கு ஒன்று தோன்றியது.

"ஏங்க, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. நாம உரம் வச்சது மரத்துக்கா, நிழலுக்கா?"

"நிழலுக்கு."

"தின்னது யாரு?"

"நிழலு."

"தின்னுட்டு ஏமாத்துனது?"

மூக்கையா கோடாலியை மெல்ல இறக்கினான். சத்தம் கேட்டு வந்து நின்ற குப்பணனைப் பார்த்தான். குப்பணன் கண்ணை மூடித் திறந்து, "மரம் என்ன பாவம் செஞ்சுச்சு? பட்டினி கிடந்த சீவன். குத்தவாளி தரையில கிடக்கான், வெட்டு" என்றார்.

தை முதல் நாள் விடிந்ததும் மூக்கையா நிழலை வெட்டத் தொடங்கினான். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் வெட்டினான், வாசலில் வெட்டினான், மத்தியானம் மரத்தடியில் வெட்டவந்தபோது செவந்தி, "பாத்துங்க, மரத்துல பட்ரும்!" என்று கூடவே ஓடினாள். சாயங்காலம் சடையன் ஓட்டின் மேல் ஏறியும் ஏழெட்டுப் போடு போட்டான். இருட்டும்போது எங்கே தேடியும் நிழல் இல்லை.

"வேரோட சாச்சாச்சு" என்று வியர்வையைத் துடைத்தான். சத்தியமும் நிறைவேறியது, மரமும் பிழைத்தது. செவந்தி பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் கவலையில்லாமல் தூங்கினாள்.

காலையில் எழுந்து பார்த்தால் நிழல் முழுசாக, ஒரு கொப்பு குறையாமல், மாட்டுக்கொட்டகை வரைக்கும் நீண்டு கிடந்தது.

நாலு பேரும் ஓடிவந்து குனிந்து பார்த்தார்கள். மூக்கையாதான் முதலில் பேசினான். "ஒரே ராத்திரில எப்படித் தழைஞ்சிருக்கு பாத்தியா! அந்தம்மா சொன்ன உரம் உரம்தான்யா."

சடையனுக்கு ஆசை வந்துவிட்டது. "மதினி, எங்க வாசல்ல சொந்தமா ஒரு நிழல் இல்ல. கூரையும் ஓட்டையாப் போச்சு. இதுல ஒரு துண்டு வெட்டிக் குடுங்க, நட்டுக்கிறேன்."

செவந்திக்கு மனசு பெரிசு. ஓரமாக நல்ல குளிர்ச்சியான இடமாகப் பார்த்து மூக்கையாவை வெட்டச் சொன்னாள். சடையன் அதைத் துண்டில் மண்ணோடு ஏந்திக்கொண்டு போனான்.

"வெயில் பட்டா வாடிரும், பாத்துக்க!" என்று வேலி வரைக்கும் பின்னாலேயே போனாள் செவந்தி.

அவன் வாசல் நடுவில் குழி பறித்து நட்டான். தண்ணீர் விட்டான். வாடிவிடக்கூடாதே என்று வீட்டிலிருந்து குடையைக் கொண்டுவந்து அதற்கு நேர் மேலே விரித்துப் பிடித்தான். குனிந்து பார்த்தான். பார்த்தவன் குடையை விடாமல் குதித்தான்.

"மதினி! ஓடியாங்க! வேர் புடிச்சிருச்சு!"