ஆலாவின் ஈர வயிறு

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆலா என்ற வெள்ளைக் கடற்பறவைக்கு நனைவதென்றாலே ஆகாது. கடல்மேலேயே பறக்கும், அலகு நுனியால் மீனைக் கொத்தும். ஆனால் ஓர் இறகில் ஈரம் பட்டால் ஊரையே கூட்டிவிடும். அப்படியொரு பவிசு!

ஒரு சித்திரை மாதம், மரத்தில் காக்கைத் தொல்லை என்று ஓர் ஆலாச் சோடி வெறும் மணல்திட்டில் குழி பறித்தது. அதில் பெண் ஆலா மூன்று முட்டை இட்டது. குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கியபோது, ஒரு நாள் உச்சிவெயிலில் மணல் கொதித்தது. தொட்டுப் பார்த்தால் முட்டைகள் சுட்டன.

"இன்னுங் கொஞ்ச நேரம் போனா பிள்ளைங்க உள்ளயே வெந்துரும். ஏதாவது செய்யுமய்யா!" என்று பெண் ஆலா அழுதது.

ஆலாவாகப் பிறந்திருந்தும் அன்றுதான் அதன் புருஷன் ஆலாய்ப் பறந்தது. வழியில் பூரணம் என்ற மீன்காரி கூடையை இறக்கி வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்தாள். கூடைமேல் சொட்டச் சொட்ட ஒரு கோணிச்சாக்கு கிடந்தது.

"யக்கா, இந்த வெயில்ல ஒன் மீனு மட்டும் எப்படிக் கெடாம இருக்கு?"

"சாக்க நனச்சுப் போட்டுருக்கேம்லா. உள்ள குளுகுளுன்னு கெடக்கும். ஏன், வாசம் புடிச்சு வந்தியாக்கும்?"

ஆலா சாக்கின் முனையைக் கவ்வி இழுத்தது. மீனைத்தான் திருடுகிறது என்று நினைத்துவிட்டாள் பூரணம்.

"ஏ கள்ளப்பய ஆலா, விடுலே!"

அவள் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, சாக்கு ஆலாவின் தலையிலேயே விழுந்து அமுக்கியது. ஊர்ந்து வெளியே வந்தபோது அது வால்வரை தொப்பலாக நனைந்திருந்தது. பூரணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சாக்கும் கிடைக்கவில்லை, மானமும் போயிற்று. ஆலா தள்ளாடிக்கொண்டு வீடு திரும்பியது.

"ஒண்ணுங் கொண்டார முடியல, பிள்ள. குஞ்சுங்க செத்தாலும் எங்கூடவே சாகட்டும்" என்று அழுதபடி முட்டைகளை அணைத்துப் படுத்துக்கொண்டது.

சற்று நேரத்தில் அதன் வயிற்றுக்கடியிலிருந்து 'கீச், கீச்' என்று கேட்டது. பெண் ஆலா முட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தது.

"குளுந்து போச்சுய்யா! உள்ளேருந்து கூப்பிடுதுவ! சாக்கு கெடக்கட்டும், உம்ம ஈர வயிறே போதும்!"

"காஞ்சிருமே, பிள்ள?"

"காஞ்சா போயி முங்கிட்டு வாரும். நீரு வந்ததும் நான் போறேன்!"

ஆண் ஆலா கடலைப் பார்த்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தொப்பென்று குதித்தது.

அன்று முதல்தான் வெயில் ஏறினால் ஆலாக்கள் கடலில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடோடி வந்து முட்டைகளின்மேல் உட்காருகின்றன. குஞ்சு பொரியும்வரை புருஷனும் பெண்டாட்டியும் முறைபோட்டு நனைகிறார்கள்.