அரசர் வாயால் ஒரு ‘வேண்டாம்’

ராஜா காலத்தில் ஏது செல்போன் என்று கேட்கிறவர்கள் வெண்மணற்கோட்டைக்குப் போனதில்லை. அங்கே ராஜாவும் இருந்தார், ராஜா கையில் செல்போனும் இருந்தது. பெயர் கஜபூபதி மகாராஜா. தங்கமான மனுஷர். புதுசாக ஒன்று சந்தைக்கு வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் மட்டும் அவருக்குச் சோறு இறங்காது.

போன வருஷம் ஒரு வணிகன் கப்பலில் வந்து, பட்டத்து யானை விலைக்கு ஒரு போனை அவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். இந்த வருஷமும் வந்துவிட்டான், அதைவிடப் புதுசு ஒன்றோடு. விலை மட்டும் பழைய யானை விலைதான்.

முதல் மந்திரி அம்பலவாணர் அதை வாங்கியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். விற்றுக் கொடுத்தால் அவருக்கும் ஒன்று இனாம் என்று வணிகன் சொல்லியிருந்தான். இது சபையில் எல்லாருக்கும் தெரியும், ராஜாவைத் தவிர.

“மூன்று கண் கேமரா, மகாராஜா! நிலாவில் இருக்கிற பள்ளம்கூடத் துல்லியமாகத் தெரியும்,” என்றார் மந்திரி.

“நம் ஏரி மதகில் இருக்கிற ஓட்டை தெரியுமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மரகதம்தான். சபையில் விகடம் பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். மதகைச் சீர்செய்ய ஒதுக்கிய பணத்தில்தான் மந்திரி கைவைக்கப் பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். மழைக்கு முன்னால் மதகு சரியாகாவிட்டால் கீழே இருக்கிற வயலெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும்.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

“உனக்கு எல்லாமே கேலி, மரகதம்! சரி, நீயே சொல். இந்தப் போன் விலைக்குத் தகுமா, தகாதா? நாளை இதே சபையில் எனக்குப் பதில் வேண்டும். தகாது என்று சொல்வதானால், என் வாயாலேயே ‘எனக்கு வேண்டாம்’ என்று வரவேண்டும். வராவிட்டால் இந்தச் சபையில் உனக்கு இடமில்லை.”

அம்பலவாணர் மீசைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார். ராஜா வாயிலிருந்து எது வேண்டுமானாலும் வரும். வேண்டாம் என்ற சொல் மட்டும் இதுவரை வந்ததாகச் சரித்திரமே இல்லை.

சோறு போடுகிற வாயே இப்படி மாட்டிவிட்டதே என்று மரகதம் தன்னையே நொந்துகொண்டாள். புதுப் பெட்டியைப் பார்த்தாள். ராஜா கையில் இருந்த பழைய போனைப் பார்த்தாள்.

“ஆகட்டும், அரசே. புதுசையும் கொடுங்கள், பழசையும் கொடுங்கள். உங்கள் படமும் நம்பரும் உள்ளே இருந்தால்தானே நாளை நீங்கள் ஆற அமரப் பார்க்க முடியும்?”

அது நியாயமாகப் பட்டது. ராஜா பழசின் பூட்டைத் திறந்து இரண்டையும் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. மரகதம் வெள்ளித் தட்டில் பட்டுத்துணி விரித்து, ஜரிகை உறை போட்ட போனைக் கொண்டுவந்து நீட்டினாள். ராஜா அதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார்.

“அடடா! கையில் எடுத்ததுமே தெரிகிறது. தொட்டவுடன் திறக்கிறதே! பழசு எருமை மாதிரி அல்லவா எழுந்திருக்கும்?”

“அதெல்லாம் ஒரு போனா, மகாராஜா?” என்றார் அம்பலவாணர்.

ராஜா தன்னைத்தானே ஒரு படம் எடுத்துப் பார்த்தார். அசந்துபோனார்.

“என் முகத்தில் இவ்வளவு தேஜஸா!”

“பழசில் எடுத்தால் மகாராஜா புகைக்குள் நிற்கிற மாதிரி இருக்கும்,” என்றார் மந்திரி. “சத்தத்தைக் கேளுங்கள், வீணை மாதிரி!”

“என் படமெல்லாம் அப்படியே இருக்கிறதே, மரகதம்?”

“நீங்கள் தேடுகிற எதுவும் குறையாது, அரசே.” சேலை நுனியில் உள்ளங்கை வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். “அப்படியானால் கையில் இருக்கிற இது உங்களுக்குப் போதுமா? வேறு போன் எதுவும் வேண்டாமா?”

“இது இருக்கும்போது வேறு எதற்கு? எனக்கு வேண்டாம்!”

மரகதம் சபையைப் பார்த்துத் திரும்பினாள். “எல்லாரும் கேட்டீர்களா? அரசரே வேண்டாம் என்றுவிட்டார். இதை வணிகரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.”

பட்டுத்துணிக்கு அடியிலிருந்து புதுப் பெட்டியை எடுத்து வைத்தாள். அரக்கு முத்திரைகூட உடையவில்லை.

ராஜா பெட்டியைப் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார். ஜரிகை உறையைக் கழற்றினார். யானை மேலிருந்து கீழே போட்டபோது நசுங்கிய அதே மூலை, அப்படியே இருந்தது.

“பழசா இது? பிறகு முகம் எப்படி இவ்வளவு பளிச்சென்று வந்தது?”

“கேமராவில் அப்பியிருந்த அல்வா நெய்யைத் துடைத்தேன், அரசே.”

“வேகம்?”

“மந்திரியார் தினமும் காலையில் உங்களுக்கு ரோஜாப்பூ போட்டு வணக்கம் அனுப்புகிறாரே, அதையெல்லாம் அழித்தேன். விரல் மரத்துப்போய்விட்டது.”

“எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்…” என்று ஆரம்பித்த அம்பலவாணர், ராஜா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

ராஜாவின் முகம் சிவந்தது. போச்சு என்று மரகதம் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் ஒரு கனைப்பு கேட்டது. பிறகு கிரீடம் சரிய, கண்ணில் தண்ணீர் வர, ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். மதகு வேலையை அன்றே தொடங்கச் சொல்லி ஆளனுப்பினார். வேலை முடிகிறவரை கரையில் நின்று பார்த்துக்கொள்ள அம்பலவாணரையும் அனுப்பினார்.

“அதிருக்கட்டும், மரகதம்,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த விலைக்கு இது தகுமா, தகாதா?”

“இன்றைக்கு உங்கள் முகத்தில் பார்த்த சந்தோஷத்துக்குத் தாராளமாகத் தகும், அரசே,” என்றாள் மரகதம். “நல்ல வேளை, அந்த விலையை நாம் போன வருஷமே கொடுத்துவிட்டோம்!”