மக்கும் ஆள், மக்காத ஆள்

பூசணியூர் என்று ஒரு நகராட்சி. எங்கே இருக்கிறது என்று கேட்டால், மழைக்காலத்தில் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, மற்ற காலத்தில் குப்பைக்குப் பின்னால் இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களே வழி சொல்வார்கள். நகராட்சி அலுவலகத்தில் தணிகாசலம், குப்புராஜ், சவரிமுத்து, பரிமளம் என்று நான்கு பேர் வேலை பார்த்தார்கள். இன்னும் நிறையப் பேரும் பார்த்தார்கள். ஆனால் இந்த நால்வர் மட்டும்தான் சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். அதனால் இவர்களிடம் யாரும் எந்த வேலையும் சொல்வதில்லை.

புதிதாக வந்த ஆணையர் வசுமதிக்கு இந்த விஷயம் தெரியாது. மழைக்காலம் வருகிறது, வெள்ளத் தடுப்புக் குழுவுக்கு ஆள் கொடுங்கள் என்று ஒவ்வொரு பிரிவிலும் கேட்டார். ஒவ்வொரு பிரிவும் மிகத் தாராள மனதோடு ஓர் ஆளைத் தூக்கிக் கொடுத்தது. குடிநீர் வரிப் பிரிவிலிருந்து தணிகாசலம், பிறப்பு இறப்புப் பிரிவிலிருந்து சவரிமுத்து, தட்டச்சிலிருந்து பரிமளம், நேரம் அறிவிக்கும் நகராட்சிச் சங்கை ஊதும் குப்புராஜ். நால்வரையும் அனுப்பி வைத்த அன்று அந்தந்தப் பிரிவுகளில் கேசரி கொடுத்ததாகச் சொல்கிறார்கள்.

குழுவுக்குத் தலைவர் தணிகாசலம். சர்வீஸில் முதல் தடவையாக ஒரு பதவி. அதைவிட முக்கியம், அவர் குடியிருப்பது பள்ளத்தெருவில். ஊரில் எங்கே மழை பெய்தாலும் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். போன வருடம் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் படுக்க வைத்துவிட்டு அவரும் மனைவி வேதவல்லியும் விடிய விடிய நின்றுகொண்டிருந்தார்கள். இந்த வருடம் வீட்டுக்குள் தண்ணீர் வராது என்று அவர் வேதவல்லிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவள் கட்டில் காலுக்கு இரண்டு செங்கல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஆணையர் காரில் ஏறிக்கொண்டே உத்தரவு கொடுத்தார்.

"மழைநீர் வடிகால்ல மழைத்தண்ணியைத் தவிர வேற எதுவும் போகக் கூடாது. ஓடைத் தண்ணியைக் கண்காணிக்கணும், அது மேல வெச்ச கண்ணை எடுக்கக் கூடாது. குப்பையை மறுசுழற்சி பண்ணணும். மக்கறது மக்காததுன்னு பிரிக்காம கிடங்குக்குள்ள எதையும் விடக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்" என்றார்கள் நால்வரும். அந்த மழைக்காலத்தின் முதல் விபத்து அதுதான்.

கார் போனதும் வேப்பமரத்தடியில் ஆலோசனை தொடங்கியது.

"மழைத்தண்ணின்னா எது சார்?" என்று கேட்டாள் பரிமளம். அவள் எழுத்துப் பிழை இல்லாமல் தட்டச்சு செய்பவள். எதையும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு.

"வானத்துலேர்ந்து விழறது" என்றார் தணிகாசலம்.

"எங்க வீட்டு ஓட்டு மேல விழுந்து வழியுதே, அது?"

"அது ஓட்டுத் தண்ணி."

"ரோட்டுல ஓடி வருதே?" என்று கேட்டான் குப்புராஜ்.

"ரோட்டுல வந்தா ரோட்டுத் தண்ணி. இதுல என்ன சந்தேகம்?"

"அப்படின்னா வானத்துலேர்ந்து நேரா வடிகாலுக்குள்ள விழறது மட்டும்தான் மழைத்தண்ணி" என்றாள் பரிமளம்.

தணிகாசலத்துக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. "இத்தனை வருசமா மழைத்தண்ணின்னு பேரைச் சொல்லிக்கிட்டுக் கண்ட தண்ணியும் உள்ள நுழைஞ்சிருக்கு. அதனாலதான் வடிகால் ரொம்பி வழிஞ்சு எங்க வீட்டுக்குள்ள வருது. கேட்க ஒரு ஆள் இல்ல பாரு!"

"ஆனா வடிகாலைச் சிமெண்ட் பலகை போட்டு மூடியிருக்கே சார். நேரா எப்படி விழும்?" என்றான் குப்புராஜ்.

"அது மழையோட பொறுப்பு. நம்ம பொறுப்பை நாம செய்வோம்."

அன்று மாலைக்குள் ஊரில் இருந்த அத்தனை வடிகால் வாய்களையும் மணல் மூட்டை போட்டு அடைத்தார்கள். பள்ளத்தெரு முனையை மட்டும் தணிகாசலம் தன் கையாலேயே இரண்டு மூட்டை அதிகம் வைத்து அடைத்தார். சொந்தத் தெரு அல்லவா?

ஓடையைக் கண்காணிக்கும் வேலை சவரிமுத்துவுக்கு. மறுநாள் காலை நாற்காலி போட்டு ஓடைக்கரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்திலேயே தணிகாசலத்துக்குப் போன் வந்தது.

"சார், நான் பாத்துக்கிட்டிருந்த தண்ணி போயிடுச்சு."

"போயிடுச்சா? எங்க போச்சு?"

"அப்படியே கிழக்கால போயிடுச்சு சார். இப்ப இங்க இருக்கறது வேற தண்ணி. இதை எனக்குப் பழக்கமே இல்ல."

தணிகாசலம் பதறிப்போனார். "கண்ணை எடுக்கக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்களா இல்லையா? ஓடிப் போய்ப் பிடிய்யா. அது கூடவே போ!"

சவரிமுத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக ஓடினான். ஒரு வாழைச்சருகு மிதந்து போனதை வைத்துத் தன் தண்ணீரை அடையாளம் கண்டுகொண்டான். அன்று மாலை பக்கத்து ஊரிலிருந்து பேசினான். "கூடவே போயிட்டிருக்கேன் சார். ஒண்ணும் தப்புத் தண்டா பண்ணல. நல்ல தண்ணி." மறுநாள் அடுத்த தாலுகாவிலிருந்து பேசினான். வழியில் ஓடை ஓர் ஆற்றில் கலந்தபோது மட்டும் கொஞ்சம் தடுமாறினானாம். சருகு காப்பாற்றியதாம்.

குப்பை வண்டி குப்புராஜின் பொறுப்பு. மறுசுழற்சி என்ற சொல்லைத்தான் அவனால் கடக்க முடியவில்லை.

"சுழற்சின்னா சுத்தி வர்றதுதானே சார்?"

"ஆமாம்."

"மறுசுழற்சின்னா மறுபடியும் சுத்தி வர்றது."

"அவ்வளவுதான். ஏன் பெரிசு பண்றே?"

அவன் பெரிசு பண்ணவில்லை. மேலத்தெருவில் குப்பையை எடுத்தான். வடக்குத்தெருவில் வீட்டுக்கொரு கூடை வைத்தான். வடக்குத்தெருக் குப்பையைக் கீழத்தெருவுக்குக் கொண்டுபோனான். கீழத்தெருக் குப்பை மேலத்தெருவுக்கு வந்தது. லோகாம்பாள் என்ற அம்மாள் தன் கிழிந்த மிதியடியைத் தூக்கிப் போட்ட சில நாளில் அது வாசலில் வந்து கிடந்தது.

"ஏம்ப்பா, இது நான் போட்டதாச்சே!"

"ஆமாம்மா" என்றான் குப்புராஜ், குரல் தழுதழுக்க. "ஒரு சுத்து முடிச்சு வந்திருக்கு."

முதலில் ஊர் சண்டை போட்டது. பிறகு பழகிப்போயிற்று. பக்கத்துத் தெருக்காரர்கள் என்ன சமைக்கிறார்கள், யாருக்கு என்ன மாத்திரை என்றெல்லாம் தெரிந்துகொள்ள முடிந்ததால் சிலர் வண்டியைக் காத்திருந்து வரவேற்றார்கள். இதற்கிடையில் குப்பைக் கிடங்குக்கு ஒரு வண்டிகூடப் போகவில்லை என்ற செய்தி மேலிடத்துக்கு எட்டியது. பூசணியூரில் குப்பையே உண்டாவதில்லை என்று முடிவு செய்து அங்கிருந்து பாராட்டு வந்தது. ஆணையருக்கு ஒரு சால்வை கிடைத்தது. அவர் அதைத் தணிகாசலத்துக்குப் போர்த்தினார்.

அந்தச் சால்வையோடு தணிகாசலம் வீட்டுக்கு நடந்தபோதுதான் மழை பிடித்துக்கொண்டது.

மழை என்றால் சும்மா மழை இல்லை. மத்தியானத்துக்குள் பள்ளத்தெருவில் ஸ்கூட்டர்கள் மிதந்தன. வேதவல்லி கட்டில் காலுக்குச் செங்கல் கொடுத்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றினாள். தணிகாசலம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து, இன்னும் வெள்ளம் ஏறாத மேலத்தெரு வரைக்கும் போய், ஒரு பலகையை நெம்பி வடிகாலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"வேதா, உள்ள ஒரு சொட்டு இல்ல! துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு!"

"சரி. வடிகால்ல இல்லாத தண்ணி எங்க போச்சு?"

தணிகாசலம் குனிந்து பார்த்தார். அவருடைய சால்வையின் நுனி கூடத்தில் மிதந்துகொண்டிருந்தது. அந்தக் கணத்தில் அவர் மனதில் ஏதோ ஒன்று லேசாக மினுங்கியது. எங்கேயோ ஏதோ தப்பு நடந்திருக்கிறதோ என்று நினைக்கக்கூட ஆரம்பித்துவிட்டார். நல்லவேளை, அதற்குள் போன் அடித்தது.

ஆணையர்தான். "தணிகாசலம், பள்ளத்தெரு ஜனங்களை உடனே மேட்டுக்குக் கொண்டு போங்க. உசுரு முக்கியம்!"

பூசணியூரில் மேடு என்று பெயர் வாங்கிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது குப்பைக் கிடங்குக்குள் இருக்கும் குப்பைமேடு.

குப்புராஜ் வண்டிகளோடு வந்தான். குப்பை வண்டிப் பாட்டு ஒலிக்க, கைக்குழந்தைகள், கிழவர்கள், ஓர் ஆடு, கோழிக்கூண்டு என்று பள்ளத்தெருவே ஏறிக்கொண்டது. பிரிக்கும் வேலை பரிமளத்துடையது; கிடங்கு வாசலில் குடையோடு நின்றாள். வாசல் பூட்டியிருந்தது.

"பிரிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"என்னத்தைப் பிரிக்கிறது? ஆளுங்கம்மா!" என்று கத்தினாள் வேதவல்லி.

"எதையும் பிரிக்காம உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு. ஆளுங்களைத் தவிரன்னு மேடம் சொல்லல."

தணிகாசலம் யோசித்தார். சொல்லவில்லைதான். சந்தேகத்தைத் தீர்க்கப் பிறப்பு இறப்புப் பிரிவு அனுபவம் உள்ள சவரிமுத்துவுக்குப் போன் போட்டார்.

"சவரி, மனுசன் மக்குவானா?"

"எங்க பிரிவுக்கு வந்தவங்க எல்லாரும் மக்கிட்டாங்க சார். சார், நான் கடற்கரைக்கு வந்துட்டேன். நம்ம தண்ணி உள்ள இறங்கிடுச்சு. சருகையும் காணோம். எது நம்ம தண்ணின்னு தெரியல, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. நானும் இறங்கட்டுமா?"

"வேண்டாம். அங்க மீன்பிடிக்கறவங்க யாராச்சும் இருந்தா, பாத்துக்கச் சொல்லி ஒப்படைச்சுட்டு பஸ்ஸைப் பிடி."

அப்புறம் கொட்டும் மழையில் ஜனங்களைப் பிரிக்கும் வேலை தொடங்கியது. மனிதர்கள் பொதுவாக மக்கும் இனம், ஆனால் உடம்போடு பிளாஸ்டிக், இரும்பு எதுவும் சேர்ந்திருந்தால் மக்காத இனம் என்று பரிமளம் தீர்மானித்தாள். காலில் கம்பி வைத்துத் தைத்தவர்கள் இடது பக்கம் போனார்கள். பிளாஸ்டிக் வளையல் போட்டவர்கள் கழற்றிக் கொடுத்துவிட்டு வலது பக்கம் வந்தார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஆளவந்தார் மட்டும் ஒரேயடியாகக் கொதித்தார்.

"ஊருக்கே பாடம் சொன்ன என்னைப் பார்த்தா மக்குங்கிறே?"

"கோவப்படாதீங்க சார். மக்கற ஆளான்னுதான் கேட்டேன். பல் சொந்தப் பல்லா?"

"செட்டு."

"அப்ப நீங்க மக்காத பக்கம்."

ஆளவந்தாரின் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து நடந்து இடது பக்கம் போய் நின்றார்.

"சார் நீங்க?" என்று தன் தலைவரைக் கேட்டாள் பரிமளம்.

தணிகாசலம் வாயைத் திறப்பதற்குள் வேதவல்லி முந்திக்கொண்டாள். "இவரு முழு மக்கு. கலப்படமே இல்ல. நான் கியாரண்டி."

ஒரு வழியாக எல்லாரும் மேட்டில் ஏறினார்கள். உட்கார இடமில்லை, கால் வைத்த இடமெல்லாம் சொதசொதவென்று இருந்தது. குழந்தைக்காரிகள் சத்தம் போட்டார்கள். "உட்காரச் சாக்காவது கொண்டாங்கய்யா!"

ஊரில் சாக்கு எங்கே நிறைய இருக்கிறது என்று குப்புராஜுக்குத் தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு போய், தெருத்தெருவாக முங்கி முங்கி, வடிகால் வாயில் இருந்த மூட்டைகளையெல்லாம் பிடுங்கி, மணலைக் கொட்டிவிட்டுச் சாக்கை மட்டும் கொண்டுவந்தான். அவன் பின்னாலேயே பெரிய இரைச்சல் கேட்டது. மேட்டின் உச்சியிலிருந்து தணிகாசலம் பார்த்துக்கொண்டே இருக்க, பள்ளத்தெருவில் தண்ணீர் மடமடவென்று இறங்கியது. அவர் வீட்டுப் படி தெரிந்தது. பிறகு கோலம் போடும் வாசல் தெரிந்தது.

"ஐயோ பரிமளம்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "நாம இல்லாத நேரம் பாத்து ரோட்டுத் தண்ணி பூரா வடிகாலுக்குள்ள நுழையுது! மேடத்துக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"சொல்ல வேண்டாம் சார்" என்றாள் பரிமளம். அந்தக் குழு செய்த ஒரே நேர்மையற்ற காரியம் அதுதான்.

சாயங்காலம் மழை விட்டு ஆணையரின் கார் வந்தது. வழியெல்லாம் தண்ணீர் வடிந்த தெருக்களைப் பார்த்துக்கொண்டே வந்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடியை இறக்கி, "ஊர்லயே முதல்ல வடிஞ்சது உங்க பகுதிதான் தணிகாசலம்! ஜனங்க எல்லாம் பத்திரமா? சரி, இனிமே யார் யார் எங்கெங்க போய்ச் சேரணுமோ அங்கங்க கொண்டு சேர்த்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை சுலபமாகிவிட்டது. ஏற்கெனவே பிரித்து வைத்தாயிற்றே. மக்காதவர்களை ஏற்றிக்கொண்டு குப்புராஜும் பரிமளமும் ஒரு வண்டியில் கிளம்பினார்கள். மக்கும் ஜனங்களைத் தணிகாசலம் தானே அழைத்துக்கொண்டு கிடங்கின் பின்பக்கம் போனார். வீட்டுக்குப் போகும் குறுக்கு வழி என்று நினைத்து எல்லாரும் நடந்தார்கள். ஒரு பெரிய குழியின் முன்னால் அவர் நின்றார். உள்ளே இலைதழையும் சாணமும் ஊறிக் கிடந்தன.

"இது என்னங்க?" என்றாள் வேதவல்லி.

"உரக்குழி. எல்லாரும் இறங்குங்க."

"இறங்கி?"

"நிக்கணும். மக்கற வரைக்கும்."

வேதவல்லி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்கு வீட்டுல சேறு அள்ளணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் பின்னாலேயே மக்கும் கூட்டம் முழுவதும், ஆடு உட்பட, நடந்தது. "இன்னும் மக்கலையே! பாதியில போகக் கூடாது!" என்று தணிகாசலம் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் திரும்பவில்லை. ஒருவராவது உத்தரவை மதிக்க வேண்டும் என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாகக் குழிக்குள் இறங்கி நின்றார். முழங்கால் வரைக்கும் கதகதப்பாக இருந்தது.

போன் அடித்தது. குப்புராஜ்.

"சார், காயலான் கடையிலேர்ந்து பேசறேன். இங்க ஒரு தகராறு. கடைக்காரர் தலைமையாசிரியரைத் தராசுல ஏத்திப் பாத்துட்டு வேணாங்கிறாரு. பல் செட்டை மட்டும் எடுத்துக்கறேன், மீதியெல்லாம் மக்கற சரக்கு, இங்க எதுக்குக் கொண்டாந்தீங்கன்னு சத்தம் போடறாரு."

பின்னாலிருந்து ஆளவந்தாரின் குரல் கேட்டது. பல் இல்லாததால் என்ன திட்டுகிறார் என்று புரியவில்லை.

தணிகாசலம் எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தார். கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருந்தது.

"பல்லைக் கடைக்காரர்கிட்டயே குடுத்துடு" என்றார். "மீதியை இங்க கொண்டா. குழியில இடம் நிறையக் காலியா இருக்கு."