திறக்காத கேமரா

விஜயதசமியன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: ரைஸ்மில் முதலாளி சடகோபன், அவர் மனைவி, மகன், முதல் எழுத்து எழுத உட்கார்ந்த பேத்தி, வீட்டுவேலை செய்யும் செங்கமலம்.

பேத்தியைப் படமெடுக்கப் பழைய டிஜிட்டல் கேமராவின் பொத்தானை அமுக்கினார் முதலாளி. அது கர்ரென்றது. திரை மட்டும் இருட்டாகவே கிடந்தது.

"நேத்து துடைக்கும்போது கீழே போட்டது நீதானே? இப்பவே சரிபண்ணு. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!" என்று செங்கமலத்தைப் பார்த்துக் கத்தினார்.

செங்கமலம் கேமராவைக் காதில் வைத்துக் கேட்டாள். "உள்ளே மோட்டார் ஓடுதுங்கய்யா. லென்ஸ் மூடிதான் ஒட்டிக்கிட்டிருக்கு," என்றவள், பணிவாகக் கேட்டாள்: "நேத்து ஆயுத பூஜைக்குச் சாமானுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வச்சது யாருங்க?"

"இந்த வீட்டுல என்னைத் தவிர எவன் வைப்பான்? அரிவாள்மனையிலிருந்து மிக்ஸி வரைக்கும் ஒண்ணு விடாம என் கையாலதான்!"

ஈரப் பஞ்சால் அவள் மூடியை ஒற்றி எடுத்தாள். பஞ்சு மஞ்சளானது, கூடமே சந்தனம் மணத்தது. லென்ஸ் படக்கென்று திறந்தது.

முதலாளியின் மனைவி நெஞ்சில் கை வைத்தார். "அட மனுஷா! கேமரா கண்ணுலயா பொட்டு வச்சீங்க?"



"நாளைக்கு நான் வேலைக்கு வரலாங்களாய்யா?" என்று கேட்டபடியே செங்கமலம் பொத்தானை அமுக்கினாள். வாய் பிளந்தபடி முதலாளி தலையாட்டியது படத்தில் விழுந்தது. பேத்தி எழுதுவதை எடுக்க, கேமராவில் இன்னும் மூன்று படங்களுக்கு இடம் மீதி இருந்தது.