பயணிகளுக்கு மட்டும் அரிசி

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை செத்துக்கூடப் போகலாம், ஒரு கிலோ அரிசி வாங்க முடியாது. சனிக்கிழமை ஷட்டரை இறக்கினால் கடைக்காரர்கள் திங்கட்கிழமைதான் நம் முகத்தில் விழிப்பார்கள். பதினோரு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு கடையும் திறந்தபாடில்லை.

என் மாடி வீட்டில் மூன்று தென்காசிப் பையன்கள்: கோமதிநாயகம், பிரிட்டோ, தில்லைராஜ். கம்ப்யூட்டரில் புலிகள். மற்றபடி, சொன்னதை அப்படியே செய்வார்கள், அதுதான் ஆபத்து.

ஒரு ஞாயிறு மதியம் கோமதிநாயகத்தைப் பார்க்க, அவனுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா தணிகாசலம் பக்கத்து நகரத்திலிருந்து ரயிலேறி வருவதாக இருந்தது. "எம் பொண்ணுக்கு ஒரு வேளை சோறு போடுவாரான்னு பாக்கணும்" என்று சொல்லியிருந்தார். காலையில் டப்பாவைத் திறந்தால் ஒரு மணி அரிசி இல்லை. என்னிடம் ஓடிவந்தார்கள்.

"ஸ்டேஷன் கடை திறந்திருக்கும். ஆனா அது பயணிகளுக்குத்தான்" என்றேன். பயணியா இல்லையா என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாதது என் தப்பு.

மூவரும் ஆளுக்கொரு பெட்டியோடு போனார்கள். கடை வாசலில் தில்லைராஜ் நின்றுவிட்டான்.

"பெட்டி வச்சிருந்தா பயணியாலே? டிக்கெட் வேணும்லா?"

டிக்கெட் எடுத்தார்கள்.

"டிக்கெட் எடுத்தவன் இனிமேத்தானே போகப்போறான்?" என்றான் பிரிட்டோ.

நியாயம்தான். ரயிலேறி அடுத்த ஊரில் இறங்கினார்கள். அங்கேயும் கடை திறந்திருந்தது. கண்ணாடி வழியே அரிசி தெரிந்தது.

"வந்து சேந்தாச்சு. இனி எப்படிலே நாம பயணி?" என்றான் கோமதிநாயகம், அழாத குறையாக.

"அப்போ நடுவழியில வாங்கணும்" என்றான் தில்லைராஜ்.

"நடுவழியில வயக்காடுல்லா இருக்கு!"

கடை ஏதும் தட்டுப்படுமா என்று இரண்டு ஊருக்கும் நடுவே மூன்று தடவை போய்வந்தார்கள். நாலாவது தடவைக்கு எங்கள் ஊர் பிளாட்பாரத்தில் நின்றபோது, வந்த ரயிலிலிருந்து தணிகாசலம் இறங்கினார். இவர்களைத் தேடிப்போன நானும் அங்கேதான் இருந்தேன்.

"பெட்டியோட எங்க கெளம்பிட்டீங்க மாப்பிள்ளை?"

"உங்களுக்குச் சோறு போடத்தான் மாமா."

கோமதிநாயகம் எல்லாவற்றையும் ஒப்பித்தான். கல்யாணம் காலி என்று நினைத்தேன். தணிகாசலம் அவன் தோளைத் தட்டினார்.

"சட்டத்த மீறாத பிள்ளை! பொண்ணு உங்களுக்குத்தான். ஆனா இந்தக் கடை அரிசிதானே பயணிகளுக்கு? எங்க வீட்டு அரிசி யாருக்கு வேணும்னாலும் ஆகும். அது பயணம் பண்ணி வரட்டும்."

சொல்லிவிட்டு, திரும்பிப் போகும் ரயிலில் ஏறிவிட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அரிசி வந்து சேர்ந்தது. ஐந்து கிலோ மூட்டை, தனி டிக்கெட், ஜன்னலோர சீட்டு. பக்கத்திலேயே மாமா, கம்பியைப் பிடித்தபடி.

"உக்காந்து வந்திருக்கலாமே?" என்றேன்.

"ஒரு சீட்டுதான் கெடைச்சுது" என்றார்.